அப்பாவின் கார்டிசால் 14.2: குறைக்க மருந்து வேண்டுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 73 வயது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மூன்று வருடங்களாக அல்சைமர் நோய். இரவில் டோனெபெசில் 10 மி.கி. போடுகிறார். சர்க்கரைக்குக் காலையும் இரவும் கிளிமிபிரைட், மெட்ஃபார்மின் சேர்ந்த மாத்திரை. பகலில் ஓரளவு அமைதியாக இருக்கிறார். மாலை 5 மணி ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று வாசல் கதவைப் பிடித்து ஆட்டுகிறார், தடுத்தால் அடிக்க வருகிறார். ராத்திரி 2 மணிக்கு எழுந்து நடக்கிறார். என் தம்பி முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் ஒன்று புக் செய்தான். நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தார்கள். அப்பா கையை உதறியதால் மூன்று தடவை குத்த வேண்டியதாயிற்று, எல்லாம் முடிய இருபது நிமிடம் ஆனது. ரிப்போர்ட்டில் கார்டிசால் 14.2, அதிகம் என்று வந்திருக்கிறது. 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன்தான் மூளையை அரிக்கிறது' என்று படித்துவிட்டு, தம்பி அமுக்கராச் (அஸ்வகந்தா) சூரணம் வாங்கி வந்திருக்கிறான். கொடுக்கலாமா? இந்த ஹார்மோனைக் குறைக்க மாத்திரை உண்டா? எங்கள் பெரியப்பாவுக்குப் பார்க்கின்சன் இருக்கிறது. அவருக்கும் இந்த டெஸ்ட் எடுக்க வேண்டுமா?
ஒரு மகள், தஞ்சாவூர்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

கேட்டதற்கெல்லாம் முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த 14.2-ஐ வைத்து அப்பாவுக்கு ஹார்மோன் நோய் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அல்சைமருக்காகக் கார்டிசாலைக் குறைக்கும் மாத்திரை எதுவும் இன்று வைத்தியத்தில் இல்லை. அமுக்கராவை இப்போது தொடங்க வேண்டாம். பெரியப்பாவுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை. ஆனால் அப்பாவின் மாலை நேரப் பதற்றத்துக்குச் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றை நாளைக்கே செய்ய வேண்டும். அவர் கதவை ஆட்டத் தொடங்கும் நேரத்தில் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பாருங்கள். ஏன் என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

கார்டிசால் நாள் முழுவதும் ஒரே அளவில் சுரப்பதில்லை. மூளையில் ஹைப்போதலாமஸ், அதற்குக் கீழே பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி என்று மூன்று இடங்கள் சேர்ந்து இதை நடத்துகின்றன. விடியற்காலையில் ஏறத் தொடங்கி, கண் விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும். பிறகு படிப்படியாக இறங்கி நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்த அளவுக்கு வரும். இந்த இறக்கமும் நேர்க்கோடாக இருக்காது. ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை சிறு சிறு அலைகளாகச் சுரக்கும். அதனால் ஒரே ஆளிடம் ஒரே மாலையில் அரை மணி இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்தாலும் எண் மாறும்.

பல ஆய்வகங்கள் பயன்படுத்தும் ஒரு முறையில் காலை 7 முதல் 10 மணிக்குள் எடுத்தால் 6.2 முதல் 19.4 வரையும், மாலை 4 முதல் 8 மணிக்குள் எடுத்தால் 2.3 முதல் 11.9 வரையும் (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் மைக்ரோகிராம் கணக்கு) இயல்பு என்று அச்சிடுவார்கள். அப்பாவுக்கு எடுத்தது நாலரை மணிக்கு என்பதால் 14.2-ஐ 'அதிகம்' என்று குறித்திருக்கிறார்கள். இதே எண் காலை 8 மணிக்கு வந்திருந்தால் யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். அதோடு அந்த இருபது நிமிடப் போராட்டமும் இருக்கிறது. பயமோ வலியோ தொடங்கிய ஐந்து பத்து நிமிடத்தில் ரத்தத்தில் கார்டிசால் ஏறத் தொடங்கும். இருபது, முப்பது நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும். யாரோ ஒருவர் வீட்டுக்குள் வந்து, கையை இறுக்கிக் கட்டி, மூன்று தடவை குத்தியிருக்கிறார். ஏன் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. அந்த நேரத்தில் எடுத்த ரத்தத்தில் கார்டிசால் ஏறாமல் இருந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். 14.2 பெரும்பாலும் அந்த இருபது நிமிடத்தின் கணக்கு.

தம்பி படித்ததில் உண்மையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அல்சைமர் உள்ளவர்களைக் கூட்டமாக எடுத்துக்கொண்டு, அதே வயது ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால், சராசரிக் கார்டிசால் கூடுதலாக இருப்பதை 1980-களிலிருந்தே பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. முதுகுத்தண்டு நீரில் அளந்தாலும் அப்படித்தான். காரணம் ஓரளவு தெரியும். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் கார்டிசாலை உணரும் ஏற்பிகள் அடர்த்தியாக இருக்கின்றன. புரூஸ் மெக்யூவன் என்ற ஆய்வாளர் 1968-ல் எலிகளில் இதைக் கண்டார். கார்டிசால் போதுமான அளவு வந்ததும் 'நிறுத்து' என்று ஹைப்போதலாமஸுக்குச் சொல்லும் பிரேக்குகளில் ஒன்று இந்த ஹிப்போகாம்பஸ். அல்சைமர் முதலில் தாக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. பிரேக் தளர்ந்தால், பதற்றத்தில் ஏறிய கார்டிசால் இறங்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். உடலின் நேரத்தைக் கணக்கு வைக்கும் நரம்புக் கூட்டமும் இந்த நோயில் சிதைவதால் காலை ஏற்றத்துக்கும் இரவு இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து, வளைவு தட்டையாகிறது.

பார்க்கின்சனிலும் மொத்தச் சுரப்பு சற்றுக் கூடுவதும், பகல் இரவு வித்தியாசம் மங்குவதும் தெரிந்திருக்கிறது. ஹன்டிங்டன் நோய், ஏ.எல்.எஸ். எனப்படும் இயக்க நரம்பு நோய் ஆகியவற்றிலும் இதுபோன்ற மாற்றங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். இவையெல்லாம் குழுச் சராசரிகள். நோயாளிகளின் எண்களும் ஆரோக்கியமானவர்களின் எண்களும் பெருமளவு ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. ஒரு தனி மனிதரின் கார்டிசாலை வைத்து 'இவருக்கு அல்சைமர்' என்றோ 'நோய் வேகமாக முற்றும்' என்றோ சொல்ல முடியாது. அதனால்தான் மறதி நோய்க்கான வழக்கமான பரிசோதனைப் பட்டியலில் கார்டிசால் இல்லை. தைராய்டு, பி12, சோடியம், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனைகள் இருக்கின்றன.

கார்டிசால் கூடுவதால் மூளை சிதைகிறதா, மூளை சிதைவதால் கார்டிசால் கூடுகிறதா? 1986-ல் சபோல்ஸ்கி, கிரே, மெக்யூவன் மூவரும் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழல் என்ற கருத்தை முன்வைத்தார்கள். எலிகளில் அதற்குச் சான்றுகள் இருக்கின்றன. மனிதர்களில் அந்தச் சுழலை மருந்தால் உடைக்க முயன்றவர்களுக்கு இதுவரை பலன் கிடைக்கவில்லை. மூளைக்குள் கார்டிசாலை மறுபடி உயிர்ப்பிக்கும் 11-பீட்டா-எச்.எஸ்.டி.-1 என்ற நொதியைத் தடுக்கும் ஏ.பி.டி.-384 என்ற மருந்தின் சோதனையை, பலன் தெரியாததால் பாதியில் நிறுத்தினார்கள். அதே நொதியைத் தடுக்கும் சேனமெம் என்ற மருந்தைத் தினம் 10 மி.கி. வீதம் 12 வாரம் கொடுத்துப் பார்த்ததிலும் நினைவாற்றலில் முன்னேற்றம் இல்லை. 2000-ல் வெளியான இன்னொரு சோதனையில் மூளை அழற்சியைக் குறைக்கும் எண்ணத்தில் 138 அல்சைமர் நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் பிரட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஓராண்டு கொடுத்தார்கள். நோய் மெதுவாகவில்லை, நடத்தைக் கோளாறு கூடியது. ஸ்டீராய்டு விஷயத்தில் இந்த நோயாளிகளிடம் எச்சரிக்கையாக இருக்க அந்த ஒரு சோதனையே போதும்.

அமுக்கரா நம் மண்ணின் மூலிகை. மன அழுத்தம் உள்ள, மற்றபடி ஆரோக்கியமான ஆட்களுக்குச் சில வாரங்கள் கொடுத்தபோது கார்டிசால் ஓரளவு குறைந்ததாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அது அல்சைமர் நோயாளியின் மாலைப் பதற்றத்துக்கோ நோயின் போக்குக்கோ உதவியது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. இன்னொரு பக்கம் கல்லீரல் பாதிப்பும் மஞ்சள் காமாலையும் வந்த நோயாளிகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். தைராய்டு ஹார்மோனையும் அது கூட்டலாம், அப்போது படபடப்பும் தூக்கமின்மையும் அதிகமாகும். சர்க்கரையையும் சற்று இறக்கும். கிளிமிபிரைட் போடும் ஒருவருக்கு அதுதான் என் பெரிய கவலை. தம்பியைக் கடிந்துகொள்ளாதீர்கள், அப்பாவுக்கு எப்படியாவது நல்லது நடக்க வேண்டும் என்றுதான் வாங்கி வந்திருக்கிறார். அந்த அக்கறைக்கு வீட்டில் வேறு வேலை இருக்கிறது. அதிமதுரமும் 'ஸ்ட்ரெஸ்' பொடிகள் சிலவற்றில் வருகிறது. தொடர்ந்து சாப்பிட்டால் உடலுக்குள் கார்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதி ஒன்றைத் தடுத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். வீட்டில் ஏதாவது பொடி இருந்தால் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

உண்மையிலேயே அட்ரீனல் நோயைத் தேட வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. தோல் மெலிந்து, சின்ன உரசலுக்கே ரத்தக்கட்டு வருவது, தொடையிலும் தோளிலும் பலம் போய் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியாமல் போவது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் திடீரென்று கட்டுக்கடங்காமல் போவது, வயிற்றில் ஊதா நிறப் பட்டைக் கோடுகள், பொட்டாசியம் குறைவு, லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிவு, இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் கார்டிசால் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எடை இறங்குவது, வாந்தி, சோடியம் குறைவு, தாழ்ந்த ரத்த அழுத்தம் என்று இருந்தால் கார்டிசால் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குக் காலை 8 மணி ரத்தம் வேண்டும். அப்பாவிடம் இவை எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

எப்போதாவது இந்தப் பரிசோதனைகள் தேவைப்பட்டாலும், மறதி நோய் உள்ளவரிடம் அவை எங்கே சறுக்கும் என்று தெரிந்திருப்பது நல்லது. இரவு 11 மணிக்கு டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு 1 மி.கி. கொடுத்து (0.5 மி.கி. மாத்திரை என்றால் இரண்டு) மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம் எடுப்பது வழக்கமான முறை. கார்டிசால் 1.8-க்குக் கீழே இறங்கினால் இயல்பு. அல்சைமர் உள்ளவர்களில் கணிசமானோருக்கு, அட்ரீனலில் கட்டி எதுவும் இல்லாமலே, அந்த அளவுக்கு இறங்காது. தளர்ந்த பிரேக் இங்கேயும் வேலையைக் காட்டும். வலிப்புக்காக ஃபெனிடாயின், கார்பமசெபின் போடுபவருக்கு டெக்ஸாமெதசோன் சீக்கிரமே கரைந்துபோவதால் கார்டிசால் இறங்காததுபோல் சோதனை பொய்யாகக் காட்டும். மாத்திரையை வாயில் ஒதுக்கி வைத்திருந்துவிட்டுத் துப்பிவிடுவதும் நடக்கும், விழுங்கியதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இரவு 11 மணி உமிழ்நீர்ச் சோதனைக்குப் பஞ்சு உருளையை மென்று தரச் சொல்வார்கள். மறதி முற்றியவர் அதை விழுங்கிவிடக்கூடும், மூச்சு அடைக்கும். சிறு குப்பியில் எச்சில் வடியவிடும் முறையைக் கேளுங்கள். எடுப்பவர் கையில் ஸ்டீராய்டு களிம்பு தடவியிருந்தால் அந்தக் குப்பியே கெட்டுப்போகும். 24 மணி நேரச் சிறுநீர் சேகரிப்பில் ஒரு தடவை பாத்ரூமில் தவறவிட்டாலும் கணக்கு போய்விடும். அப்பா போன்றவரிடம் அது பெரும்பாலும் ஒத்துவராது.

ஸ்டீராய்டு எந்த வழியில் உள்ளே போகிறது என்றும் வீட்டில் தேட வேண்டும். ஆஸ்துமா இன்ஹேலர், முட்டியில் போட்ட ஊசி, படர்தாமரைக்குக் கடையில் கேட்டு வாங்கும் கலப்புக் களிம்பு, லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடி, எல்லாமே கணக்கில் வரும். பிரட்னிசோலோன் சில ஆய்வக முறைகளில் கார்டிசாலாகவே எண்ணப்பட்டு அளவைக் கூட்டிக் காட்டும். முடி வளர்ச்சிக்கான பயோட்டின் மாத்திரையும் சில கருவிகளைக் குழப்பும். மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்திருக்கிறார் என்று தெரிய வந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். சொந்தச் சுரப்பு உறங்கியிருக்கும், மயங்கி விழுவார். டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இனி மாலை 5 மணிக்கு வருகிறேன்.

கிளிமிபிரைட் மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கும். மதியம் அப்பா பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு எழுந்திருந்தால் சாயங்காலம் சர்க்கரை இறங்க வாய்ப்பு உண்டு. சர்க்கரை இறங்கினால் அதைத் தூக்கி நிறுத்த உடல் அட்ரீனலினையும் கார்டிசாலையும் சேர்த்துக் கொட்டும். வியர்வை, நடுக்கம், கோபம், 'இங்கிருந்து போகணும்' என்ற தவிப்பு எல்லாம் வரும். அவருக்கு 'தலை சுற்றுகிறது, பசிக்கிறது' என்று சொல்லத் தெரியாது. நான்கு நாட்கள் பதற்றம் தொடங்கும் நேரத்தில் விரல்நுனி ரத்தத்தில் பாருங்கள். ராத்திரி 2 மணிக்கு எழும்போது ஒரு தடவையாவது பாருங்கள், இரவிலும் அந்த மாத்திரை போகிறதே. 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, மறுநாளே சர்க்கரை டாக்டரைப் பாருங்கள். மறதி நோய் உள்ள முதியவருக்கு எச்.பி.ஏ.1சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 7-க்குள் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 8-ஐ ஒட்டி இருந்தால் போதும் என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டல். கிளிமிபிரைடைக் குறைப்பதா, வேறு மாத்திரைக்கு மாறுவதா என்று டாக்டர் முடிவு செய்வார். சர்க்கரை சரியாகவே இருந்தாலும் நாலு, நாலேகாலுக்கு ஒரு சிறு தீனி கொடுத்துவிடுங்கள். இரண்டு இட்லியோ, குழைய வேகவைத்த பயறோ, சர்க்கரை போடாத பாலோ போதும்.

அடுத்தது வலி. 2011-ல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில் 18 முதியோர் இல்லங்களில் மறதி நோயும் பதற்றமும் உள்ள 352 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு 8 வாரம் முறையாக வலி மருந்து கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கொடுத்தது வெறும் பாராசிட்டமால்தான். பதற்றத்தின் அளவு சராசரியாக 17 சதவீதம் குறைந்தது. அப்பாவை உட்காரவைத்து எழச் செய்யுங்கள், முகத்தைப் பாருங்கள். முட்டியைப் பிடிக்கிறாரா, ஒரு பக்கம் சட்டை மாற்றும்போது மட்டும் தள்ளுகிறாரா, பல் இருக்கும் பக்கம் மெல்லாமல் விடுகிறாரா? அப்படித் தெரிந்தால் கல்லீரல் நிலையைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமாலை நேரம் வைத்துக் கொடுக்கலாம், இந்த வயதில் ஒரு நாளைக்கு 3 கிராமைத் தாண்டக் கூடாது. மலச்சிக்கலும் இப்படித்தான் கோபமாக வெளிப்படும். என்றைக்கு மலம் போனார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், மூன்று நாள் தாண்ட விடாதீர்கள். 73 வயது ஆணுக்கு புராஸ்டேட் வீங்கி, சிறுநீர் முழுதாகப் போகாமல் அடிவயிறு உப்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஒரு ஸ்கேன் பார்த்தால் தெரிந்துவிடும்.

டோனெபெசிலை இரவில் போடுவதால் சிலருக்குக் கெட்ட கனவும் நடுராத்திரி விழிப்பும் வரும். 2 மணிக்கு எழுந்து நடப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். காலை உணவுக்குப் பின் மாற்றலாமா என்று நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள். மாற்றி இரண்டு வாரமாவது ஆன பிறகுதான் பலனைச் சொல்ல முடியும், உடலிலிருந்து மெதுவாகக் கழியும் மருந்து அது. சளிக்குத் தரும் குளோர்பெனிரமின், சிறுநீர் அடக்க முடியாமைக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் போன்றவை டோனெபெசிலுக்கு நேர் எதிராக வேலை செய்து குழப்பத்தைக் கூட்டும். மருந்து டப்பா முழுவதையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டர் மேசையில் கொட்டுங்கள்.

இவ்வளவையும் பார்த்த பிறகுதான் உடலின் நேரக் கணக்கைத் திருத்தும் வேலை. கார்டிசாலின் நாள் வளைவைத் தூக்கி நிறுத்த நம் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம் வெளிச்சம். வீட்டு அறையில் பகலில்கூட 100 முதல் 300 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) தான் இருக்கும். வாசலில் மர நிழலிலேயே அதைப்போலப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. கண் விழித்து ஒரு மணி நேரத்துக்குள் அப்பாவை வெளியே கூட்டிப்போய் அரை மணி, முக்கால் மணி நடக்கவிடுங்கள், முடியாவிட்டால் திண்ணையில் உட்காரவையுங்கள். கோடையில் 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். நெதர்லாந்தில் 12 இல்லங்களில் 189 முதியவர்களை வைத்துச் செய்த ஆய்வில் (2008) பொதுக்கூடத்தின் பகல் வெளிச்சத்தைச் சுமார் 1000 லக்ஸுக்கு உயர்த்தியதில் மனச்சோர்வு குறைந்தது, நினைவாற்றல் சரிவு சற்று மட்டுப்பட்டது. அதே ஆய்வில் மெலடோனினை மட்டும் கொடுத்தவர்களுக்குத் தூக்கம் கொஞ்சம் கூடினாலும் மனநிலை இறங்கியது. அதனால் மெலடோனின் மாத்திரையைப் பற்றிப் பேச்சு வந்தால், வெளிச்சத்தையும் சேர்த்தே யோசியுங்கள்.

பகல் தூக்கம் 3 மணிக்கு முன்னால், அரை மணி நேரம், அதோடு சரி. மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். காபியும் கார்டிசாலைக் கொஞ்சம் ஏற்றும், தூக்கத்தையும் கெடுக்கும். குளியலில் அவர் சண்டை போடுகிறார் என்றால் சாயங்காலம் வைக்காமல், அவர் தெளிவாக இருக்கும் பத்து, பதினொரு மணிக்கு மாற்றுங்கள். வெந்நீரை முதலில் பாதத்தில் விட்டு, 'இப்ப முதுகு தேய்க்கப் போறேன்ப்பா' என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

சூரியன் மறையும் வரை காத்திராமல் நாலே முக்காலுக்கே கூடத்தில் எல்லா விளக்கையும் போடுங்கள். நீளும் நிழலும், ஜன்னல் கண்ணாடியில் தெரியும் தன் முகமும் அவரைப் பயமுறுத்தும், திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். அழுது அடித்துக்கொள்ளும் சீரியலையும் செய்தி விவாதத்தையும் அந்த இரண்டு மணி நேரம் அணைத்துவையுங்கள். வெளியே போகும்போது போடும் செருப்பும் குடையும் கண்ணில் படும் இடத்தில் இருந்தால் எடுத்து உள்ளே வையுங்கள், அதைப் பார்த்தே கிளம்பும் எண்ணம் வரும்.

அவர் கதவைப் பிடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 'இதுதான் உங்க வீடு, முப்பது வருஷமா இங்கதான் இருக்கோம்' என்று நிரூபிக்கப் போகாதீர்கள். அவர் மூளைக்கு அந்தச் சான்று எட்டாது, நீங்கள் எதிரியாகிவிடுவீர்கள். அவரையும் கதவையும் பிரிக்க நடுவில் போய் நிற்காதீர்கள், அடி அங்கேதான் விழும். பக்கவாட்டில், ஒரு கை எட்டாத தூரத்தில், அவர் கண் பார்க்கும்படி நின்று, குரலைத் தாழ்த்தி, 'வீட்டுக்குப் போகணுமாப்பா? அங்க யாரு இருக்காங்க?' என்று கேளுங்கள். அவர் அம்மா பேரையோ பள்ளிக்கூடத்தின் பேரையோ சொல்வார். அதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசவிட்டு, 'பால் சூடா இருக்கு, குடிச்சிட்டுக் கிளம்பலாம் வாங்க' என்று கையைத் தாங்கி அழைத்துப்போங்கள். சில நாள் தெரு முனை வரை நடந்து திரும்பி வந்தாலே போதும், திரும்பி வரும்போது அதே வாசல் அவருக்கு வீடாகிவிடும். அவர் ஆசிரியர். சரிபார்க்கப் பழைய நோட்டுப் புத்தகங்களையும் ஒரு சிவப்புப் பேனாவையும் ஐந்து மணிக்கு மேசையில் வைத்துப் பாருங்கள்.

ஏழு நாள் குறிப்பு எழுதுங்கள். பதற்றம் எத்தனை மணிக்குத் தொடங்கியது, அதற்கு முந்தின அரை மணியில் என்ன நடந்தது, சர்க்கரை எவ்வளவு, எவ்வளவு நேரம் நீடித்தது, எது அமைதிப்படுத்தியது. அந்த ஒரு பக்கம், டாக்டருக்குக் கார்டிசால் ரிப்போர்ட்டைவிட அதிகம் சொல்லும். தூங்கவைக்க அல்பிரசோலம் போன்ற மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். குழப்பம் கூடும், விழுந்து இடுப்பெலும்பு முறியும். ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்துகள் ஆபத்து மீறிப்போகும்போது மட்டும், டாக்டர் கையால், குறைந்த அளவில், குறைந்த நாளுக்குத்தான். மறதி நோயாளிகளிடம் அவை பக்கவாதத்துக்கும் இறப்புக்கும் உள்ள அபாயத்தைக் கூட்டுகின்றன.

பெரியப்பாவைப் பற்றி. பார்க்கின்சனில் பதற்றம் வந்தால் நடுக்கம் கூடும், அது கண்ணாலேயே தெரியும். அவருக்கு அடுத்த வேளை லெவோடோபா (பார்க்கின்சன் மாத்திரை) நெருங்கும் அரை மணி, ஒரு மணி முன்னால் படபடப்பும் வியர்வையும் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது மருந்தின் வீரியம் தேய்வதால் வருவது. மாத்திரையை உணவுக்கு அரை மணி முன்னதாக, கடிகாரம் பார்த்து ஒரே நேரத்தில் கொடுப்பதும், டாக்டரிடம் இடைவெளியைத் திருத்திக்கொள்வதும்தான் வழி. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றால், ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு தடவையும், எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் சொல்ல வேண்டும். வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடும், பதற்றத்துக்கு ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோனும் அவருக்கு ஆகாது, உடல் கட்டிப்போய்விடும். இந்த மூன்று பெயரையும் ஒரு சீட்டில் எழுதி அவர் பர்ஸில் வைத்துவிடுங்கள்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1995-ல், மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களின் கையில் 3.5 மி.மீ. அளவுக்குச் சிறு காயம் உண்டாக்கிக் கவனித்தார்கள். அதே வயது மற்றப் பெண்களைவிட அது ஆற ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. அப்பாவோடு நீங்களும் 2 மணிக்கு எழுகிறீர்கள் என்றால் உங்கள் உடலின் சுரப்பும் மாறிக்கொண்டிருக்கிறது. தம்பிக்கான வேலை என்று சொன்னேனே, அது இதுதான். வாரத்தில் இரண்டு இரவு, தொடர்ந்து ஏழு மணி நேரம், நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்தித் தூங்க வேண்டும், அந்த இரவுகளில் அப்பாவின் பக்கத்தில் தம்பி படுக்க வேண்டும். பேச யாரும் இல்லை என்று தோன்றினால் முதியோர் உதவி எண் 14567, மனநல உதவி எண் 14416, இரண்டும் கட்டணமில்லாதவை.

அடுத்த இரண்டு வாரத்துக்குள் நரம்பியல் டாக்டரையோ முதியோர் மருத்துவரையோ பாருங்கள். ஏழு நாள் குறிப்பு, சர்க்கரை எண்கள், மருந்துப் பை, இந்தக் கார்டிசால் ரிப்போர்ட், எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். ரத்தம் எடுத்த நேரத்தையும் மூன்று தடவை குத்தியதையும் ரிப்போர்ட்டின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். அதற்கு முன்பே, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அப்பா திடீரென்று மாறி, பகலிலேயே மந்தமாகவோ, ஆள் அடையாளம் அடியோடு தெரியாமலோ போனால், அல்லது காய்ச்சல், தலையில் அடி, சிறுநீர் கழியாமை இருந்தால் தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.